இடக்கைப் பெருவிரல்: எலிசபெத் காட்டன் அம்மையாரின் வாழ்வும் இசையும்

நம் மரபில் கலைக்கு ஒரு வாயில் உண்டு. அதற்கு ஆசான் என்று பெயர். யாப்பாயினும் இசையாயினும் ஆடலாயினும் ஆசான் முன் அமர்ந்து அவர் காட்டிய வழியில் கற்பதே முறை என்று பழகியவர்கள் நாம். ஆசான் இன்றிக் கற்றவனுக்கு நாம் சுட்டும் எடுத்துக்காட்டு ஏகலைவன். அவனும் மண்ணால் ஓர் ஆசானைச் செய்து நிறுத்திய பின்னரே வில்லை எடுத்தான். அந்த மண்ணுருவும் இல்லாமல், வீட்டின் ஓர் அறைக்குள் ஒருவர் தமக்குத் தாமே ஆசிரியரும் மாணவருமாக இருந்து ஓர் இசைக்கருவியைக் கற்க இயலுமா? கற்றால், அக்கல்வியில் விளைவது பிழையா, புதுமையா?

இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தது அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கை. எலிசபெத் காட்டன் என்னும் அவ்வம்மையார் 94 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் பெரும்பகுதி பிறர் வீட்டு வேலைகளில் கழிந்தது. பள்ளிப் பருவம் கடக்குமுன் அவர் இயற்றிய ஒரு பாடல் கடல் கடந்து புகழ் பெற்றது. அப்போது அதை இயற்றியவர் அவரே என்பதை உலகம் அறியவில்லை. பாடல் முன்னே சென்றது. பெயர் வெகுநாள் கழித்துப் பின்னே போய்ச் சேர்ந்தது. கவிஞர்கள் கூடியிருக்கும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவர் வாழ்வை எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

தனக்குத் தானே பெயரிட்ட சிறுமி

1893ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள், வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் நகரை அடுத்து, இன்று கார்பரோ என வழங்கும் ஊரில் அவர் பிறந்தார். ஐந்து குழந்தைகளுள் இளையவர். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. தாயார் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பின்னர் பிறந்தவர் இவர். சட்டம் மாறியிருந்தது, வாழ்க்கை அவ்வளவாக மாறியிருக்கவில்லை. தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினச் சிறுமிக்கு முன் இருந்த வழிகள் மிகச் சில. சமைத்தல், துணி வெளுத்தல், பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளல் என்பனவே அவை.

வீட்டில் அவரைத் தங்கை என்னும் பொருள்படும் செல்லப் பெயரால் அழைத்தார்களேயன்றி, முறையான பெயரால் அழைக்கவில்லை. பள்ளிக்குச் சென்ற முதல் நாளில் ஆசிரியர் பெயர் கேட்டபோது, எலிசபெத் என்று தாமே ஒரு பெயரைச் சொல்லிவிட்டார் அச்சிறுமி. அன்று முதல் அதுவே அவர் பெயராயிற்று. பிற்காலத்தில் அவர் பாடலுக்கும் பெயருக்கும் நேர்ந்தவற்றை அறிந்த பிறகு நோக்கினால், இச்சிறு நிகழ்ச்சியின் பொருள் பெரிதாகிறது. தமக்கு வேண்டியதைப் பிறர் தரும் வரை காத்திராமல் தாமே ஆக்கிக்கொள்ளும் இயல்பு அவரிடம் அப்போதே இருந்தது.

அண்ணனின் பேஞ்சோ

அவருடைய அண்ணன் ஒருவரிடம் பேஞ்சோ என்னும் தந்திக் கருவி இருந்தது. தோல் போர்த்த வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அக்கருவி, ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட காலத்தில் அவர்களோடு அமெரிக்க மண்ணுக்கு வந்த இசை மரபில் தோன்றியது. அண்ணன் வேலைக்குப் போனதும் ஏழெட்டு வயதுத் தங்கை அதை எடுத்துக்கொள்வார். யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் பிறர் வாசிக்கக் கேட்ட மெட்டுகளைத் தந்திகளில் தாமே தேடினார். தேடலில் சில நாள் தந்தி அறும். அறுந்தால் அண்ணனிடம் வசவு கிடைக்கும். ஆயினும் மறுநாளும் எடுப்பார்.

எலிசபெத் இடக்கைப் பழக்கம் உடையவர். கருவியோ வலக்கைப் பழக்கம் உடையவருக்காகத் தந்தி பூட்டப்பட்டது. இரவல் கருவியில் தந்திகளை இடம் மாற்றிக் கட்ட அவருக்கு உரிமை இல்லை. எனவே கருவியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகினார். சொல்லித் தருபவர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் அன்றே அதைத் திருத்தியிருப்பார்; நமக்கும் அவரைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திராது.

ஐந்து மாதச் சம்பளம்

அண்ணன் பேஞ்சோவுடன் வீட்டை விட்டுச் சென்றபின், சிறுமிக்குச் சொந்தமாக ஒரு கருவி தேவைப்பட்டது. ஒன்பது வயதளவில் பள்ளியை விட்டுவிட்ட அவர், வீடுகளில் வேலை கேட்டுச் சென்றார். அவருக்குக் கிடைத்த முதற் சம்பளம் மாதம் 75 செண்டு. சில காலம் கழித்து அது ஒரு டாலர் ஆயிற்று. சேர்த்த பணத்தில் ஸ்டெல்லா என்னும் வகையைச் சேர்ந்த கிதார் ஒன்றை 3 டாலர் 75 செண்டுக்கு வாங்கினார். முதற் சம்பளக் கணக்கில் அது முழுமையாக ஐந்து மாத உழைப்பு. அப்போது அவருக்கு வயது 11 அல்லது 12.

கிதாரில் ஆறு தந்திகள் உண்டு. மரபான முறையில், தடித்த ஒலியுடைய தந்திகள் வாசிப்பவரின் முகத்தை நோக்கி மேற்புறத்திலும், மெல்லிய ஒலியுடையவை கீழ்ப்புறத்திலும் அமையும். வலக்கைப் பெருவிரல் தடித்த தந்திகளை மாறி மாறித் தட்டித் தாளம் போன்றதோர் அடித்தளத்தை அமைக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டின் மெட்டை மீட்டும். இடக்கை விரல்கள் கழுத்துப் பகுதியில் தந்திகளை அழுத்தி ஒலியை மாற்றும்.

எலிசபெத் கைகளில் இவை அனைத்தும் இடம் மாறின. அழுத்துவது வலக்கை, மீட்டுவது இடக்கை. தந்திகள் பூட்டியபடியே இருக்க, கருவி மட்டும் திரும்பிற்று. அதனால் மெல்லிய தந்திகள் மேலே வந்தன. தடித்தவை கீழே சென்றன. பெருவிரலுக்கு மெட்டும், சுட்டுவிரலுக்கு அடித்தளமும் உரியனவாயின. தந்திகளை மாற்றிக் கட்டினால்தான் ஒழுங்காக வாசிக்கலாம் என்று வீட்டார் சொல்ல, அவ்வாறும் செய்து பார்த்தார். வாசிக்கவே இயலவில்லை. பழையபடியே பூட்டிக்கொண்டார்.

இம்மாற்றத்தால் விளைந்தது வெறும் விந்தை அன்று. கையில் வலிமை மிக்கது பெருவிரல். மற்றவர் வாசிப்பில் அவ்வலிமை அடித்தளத்துக்குச் செல்ல, இவர் வாசிப்பில் அது மெட்டுக்குச் சென்றது. மெட்டு தெளிவாகவும் உறுதியாகவும் முன்னிற்க, அடித்தளம் அதன் கீழே மென்மையாக ஊசலாடியது. இவருடைய வாசிப்பைக் கேட்டதும் இன்னார் என்று கண்டுகொள்ளலாம். பின்னாளில் இம்முறைக்கு அவர் பெயரையே இட்டுக் காட்டன் பாணி என்று இசையுலகம் வழங்கியது. ஏகலைவன் தன் பெருவிரலை ஆசானுக்குக் காணிக்கையாகக் கொடுக்க நேர்ந்தது. ஆசான் இல்லாத இச்சிறுமியின் பெருவிரலைக் கேட்க யாரும் இல்லை.

சரக்கு ரயில்

அவர் வீட்டருகே இருப்புப்பாதை இருந்தது. இரவில் படுத்திருக்கும்போது சரக்கு வண்டிகள் கடந்து செல்லும் ஓசை அவருக்குக் கேட்கும். பதின்மூன்று வயதை எட்டும் பருவத்தில் அவ்வோசையிலிருந்து ஒரு பாடலை இயற்றினார். 'ஃபிரெயிட் டிரெயின்' என்பது அதன் பெயர். சரக்கு ரயில் என்று பொருள். ஊரை விட்டு ஓடிப்போகும் ஒருவரின் மனநிலையும், இறந்த பின்னும் அவ்வண்டியின் ஓசை கேட்கும் இடத்தில் துயில வேண்டும் என்னும் விருப்பமும் அப்பாடலில் உண்டு. விடுதலையும் மரணமும் ஒரே வண்டியில் ஏறி வருகின்றன. மெட்டோ தாலாட்டைப் போல எளியது. கேட்பவர் முதலில் மெட்டில் மயங்கிப் பின்னரே பொருளில் அதிர்வர்.

அக்கால அளவில் அவர் இயற்றிய மற்றொரு பாடல், அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி சொன்ன கோளால் தாயிடம் தண்டனை பெற்றபோது எழுந்தது. எதிர்த்துப் பேச இடமில்லாத குழந்தை தன் வழக்கைப் பாட்டில் வைத்தது. நம் ஊர்களில் நாற்று நடவிலும் ஒப்பாரியிலும் பெண்கள் தம் வழக்கை வைப்பது போன்றதே இதுவும்.

மூடி வைத்த கருவி

1910இல், பதினேழாம் வயதில், ஃபிராங்க் காட்டன் என்பவரை அவர் மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். அவர் சார்ந்திருந்த பாப்டிஸ்ட் திருச்சபையில், ஆட்டத்துக்குரிய உலகியல் பாடல்களை வாசிப்பது இறைவழிக்கு ஒவ்வாது என்று மூத்தோர் அறிவுறுத்தினர். வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, பிறர் வீட்டு வேலை என மூன்று சுமைகளோடு இத்தடையும் சேர்ந்தது. கிதாரை அவர் கீழே வைத்தார். எப்போதேனும் திருச்சபையில் பக்திப் பாடல் வாசித்தது தவிர, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் கைகள் அக்கருவியைத் தொடவில்லை எனலாம்.

திருமணத்துக்குப் பின் எழுத்தை நிறுத்திய பெண் கவிஞர்களை நாம் அறிவோம். யாரும் அவர்கள் கையிலிருந்து பேனாவைப் பறிப்பதில்லை. நேரமின்மையும் ஊர்ச்சொல்லும் நற்பெண் என்னும் பட்டமும் சேர்ந்து, அவர்களே அதைக் கீழே வைக்கும்படி செய்துவிடுகின்றன. காட்டன் அம்மையார் வாழ்விலும் நிகழ்ந்தது இதுவே. மகள் மணமாகிய பின்னர் கணவரைச் சட்டப்படி பிரிந்து, மகளோடு வாழ வாஷிங்டன் நகருக்கு வந்தார். அப்போதும் அவருக்குத் தெரிந்த பிழைப்பு வீட்டு வேலைதான்.

சீகர் இல்லம்

1940களின் பிற்பகுதியில், வாஷிங்டனில் லான்ஸ்பர்க் என்னும் பெரிய கடையில் பொம்மைகள் விற்கும் பகுதியில் அவர் சில காலம் பணிபுரிந்தார். ஒரு நாள் கடைக்குள் வழி தவறிய சிறுமி ஒருத்தியைக் கண்டு தாயிடம் சேர்ப்பித்தார். சிறுமியின் பெயர் பெக்கி. தாய் ரூத் கிராஃபோர்டு சீகர். அந்த அறிமுகத்தால் சீகர் இல்லத்தில் சமையலும் துணிவேலையும் பார்க்கும் பணி அவருக்குக் கிடைத்தது.

அவ்வீடு எத்தகையது என்பதை அறிந்தால்தான் இந்நிகழ்ச்சியின் வியப்பு விளங்கும். ரூத் கிராஃபோர்டு இசையமைப்பாளர். இசையமைப்புக்கான குகன்ஹைம் நல்கையை 1930இல் பெற்று, அந்நல்கை பெற்ற முதல் பெண்ணானவர். நாட்டுப்புறப் பாடல்களை ஒலித்தட்டுகளிலிருந்து கேட்டு, இசைக்குறிப்புகளாக எழுதும் பெரும்பணியில் ஈடுபட்டவர். அவர் கணவர் சார்லஸ் சீகர் புகழ்பெற்ற இசை ஆராய்ச்சியாளர். சார்லசின் முதல் மணத்தில் பிறந்த பீட் சீகர் நாடறிந்த பாடகர். நாட்டுப்புற இசை காலை முதல் இரவு வரை ஒலித்துக்கொண்டிருந்த வீடு அது. தொலைவிலுள்ள ஊர்களின் பாடல்களை அக்குடும்பம் தட்டுகளில் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பாடல்களுக்கு உரியவர் ஒருவர் அவர்கள் சமையலறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். தாம் வாசிப்பவர் என்பதை அவர் சொல்லவும் இல்லை. யாருக்கும் கேட்கத் தோன்றவும் இல்லை.

அவ்வீட்டுச் சுவரில் ஒரு கிதார் தொங்கியது. ஒரு நாள் அதை எடுத்து அவர் வாசிப்பதைப் பெக்கி கண்டாள். பல்லாண்டுக்கால மௌனத்துக்குப் பின்னும் விரல்கள் மறக்கவில்லை. பழைய பாடல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருவர் தாமே தேடிக் கற்றதற்கு உள்ள ஆழம் இது போலும். அவ்வீட்டுக் குழந்தைகள் அவரை லிப்பா என்று அழைத்தனர். பின்னர் அவருக்கு அப்பெயரே நிலைத்தது.

பாடல் யாருடையது?

பெக்கி வளர்ந்து 1950களின் இடையில் ஐரோப்பா சென்றபோது, வீட்டில் கற்ற 'ஃபிரெயிட் டிரெயின்' பாடலையும் உடன் கொண்டு சென்று இங்கிலாந்தில் பாடினார். கேட்டவர்கள் கற்றுக்கொண்டனர். அங்கு இருவர் அதைத் தம் படைப்பாகப் பதிவு செய்துகொண்டனர். 1957இல் சாஸ் மெக்டேவிட் குழுவினர் நான்சி விஸ்கியுடன் பாடி வெளியிட்ட ஒலித்தட்டு, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. இங்கிலாந்து இளைஞர்கள் தெருவெங்கும் அதைப் பாடிக்கொண்டிருந்த நாளில், அதை இயற்றியவர் 64 வயதில் வாஷிங்டனில் பிறர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்.

சீகர் குடும்பத்தார் முன்னின்று முயன்றதனால் பாடலின் உரிமை அவருக்கு உண்டென்பது பின்னர் ஏற்கப்பட்டது. ஆயினும் அதன் பிறகு வெளிவந்த தட்டுகள் பலவற்றில் மற்றவர் பெயர்களே தொடர்ந்து அச்சாயின.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நாட்டுப்புறப் பாடல் என்றால் ஆசிரியர் பெயர் அறியப்படாதது என்று இலக்கணம் வகுத்து வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். நம் தொகுப்புகளில் எத்தனையோ தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும் பெயரின்றி நிற்கின்றன. அவற்றுள் பல உண்மையிலேயே பலர் வாய்ப்பட்டு உருவானவை. ஆனால் சில, ஓர் ஊரில் ஒரு பெண் ஒரு நாள் தன் துயர் பொறாமல் கட்டியவையாக இருக்கலாம். தெரியவில்லை என்று எழுதுமுன் பாடியவரிடம் கேட்டோமா? கேட்காமல் விட்ட பெயருக்கும் தெரியாமற்போன பெயருக்கும் வேறுபாடு உண்டு. காட்டன் அம்மையார் உயிரோடு இருந்தார்; அவரை அறிந்த வீட்டார் இருந்தனர்; அதனால் பெயர் மீண்டது. இவ்விரண்டும் வாய்க்காத பெண்கள் எத்தனை பேரோ!

அறுபதில் அரங்கேற்றம்

பெக்கியின் அண்ணன் மைக் சீகர், காட்டன் அம்மையாரின் வீட்டுக்கே ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு சென்று அவர் வாசிப்பைப் பதிவு செய்தார். ஃபோக்வேஸ் நிறுவனம் 1958இல் அதை நெடுந்தட்டாக வெளியிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டுக்கூடங்களில் வாசிக்கப்பட்ட மெட்டுகள், ஆட்ட மெட்டுகள், திருச்சபைப் பாடல்கள், அவர் சொந்தப் பாடல்கள் என்று அதில் ஒரு காலத்தின் இசையே அடங்கியிருந்தது. செபாஸ்டபோல் என்னும் பழைய கிதார் இசைக்கோவை, செவிவழியாகப் பலரைக் கடந்து, வாஸ்டபோல் என்று பெயரும் வடிவும் மாறி அவர் விரல்களில் ஒலித்தது.

அந்தத் தட்டு அடுத்த தலைமுறைக்கு ஆசானாயிற்று. 1960களில் நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி பெற்றபோது, கிதார் கற்க விரும்பிய இளைஞர்கள் பலர் தம் அறைகளில் அமர்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினர். வலக்கைப் பழக்கமுடைய அவர்கள், தலைகீழாகப் பிறந்த ஓசையைத் தம் விரல்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் தனியே கற்றவர், வீட்டில் தனியே கற்போருக்கு வழிகாட்டியானார். பாப் டிலன், ஜோன் பேயஸ், பீட்டர் பால் அண்டு மேரி குழுவினர் எனப் பலர் அவர் பாடல்களைப் பாடினர்.

1960இல், 67ஆம் வயதில், மைக் சீகருடன் ஸ்வார்த்மோர் கல்லூரியில் அவருடைய முதல் மேடை நிகழ்ச்சி நடந்தது. பின்னர் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா முதலிய பல அரங்குகளில் வாசித்தார். ஆயினும் வீட்டு வேலையை அவர் உடனே விடவில்லை. ஏறத்தாழ 1970 வரை அது தொடர்ந்தது. கைதட்டல் பெற்ற கைகளே மறுநாள் துணி துவைத்தன. புகழ் வந்த பின்னும் சோறு தனியே தேட வேண்டியிருக்கும் என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1967இல் வந்த 'ஷேக் சுகரீ' என்னும் தட்டின் தலைப்புப் பாடலை, அவருடைய பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி பாடினாள். பாட்டியார் கிதார் வாசித்தார். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக அடகு வைப்பதைச் சொல்லும் அப்பாடலின் அடிகளைக் கொள்ளுப்பேரக் குழந்தைகளும் சேர்ந்தே கட்டினர். தாம் பெறாத ஒன்றை, அதாவது அருகிருந்து சொல்லித் தரும் மூத்தவர் ஒருவரை, தம் கொள்ளுப்பேரர்களுக்கு அவர் கொடுத்தார். ஆனால் தம் கைமுறையை அவர்கள்மேல் சுமத்தாமல், அவரவர் அடியை அவரவரே கட்டவிட்டார்.

பெயரின் நிறைவு

இசையால் ஈட்டிய பணத்தில் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் ஒரு வீடு வாங்கி, 1978இல் குடும்பத்தோடு அங்குக் குடியேறினார். பிறர் வீடுகளைத் துடைத்தவர் தம் வீட்டில் அமர்ந்தார். 1983இல் அந்நகரத்தார் ஒரு சிறு பூங்காவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1984இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நல்கைக் குழு, மரபுக் கலைஞருக்குரிய உயர் சிறப்பை அவருக்கு வழங்கியது. 1985இல் 92ஆம் வயதில் கிராமி விருது பெற்றார். 1987 சூன் 29ஆம் நாள் சிரக்யூசில் மறைந்தார். 2022இல் ராக் அண்டு ரோல் புகழ்மன்றம், முன்னோடியாக விளங்கியவர் வரிசையில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயர் மறைந்துபோக, அவர்கள் பாடிய தொடரே அவர்களுக்குப் பெயராக நின்றதை நாம் அறிவோம். செம்புலப்பெயனீரார் அவ்வாறு நிலைத்தவர். பாட்டு, பாடியவரைக் கைவிடவில்லை. காட்டன் அம்மையார் வாழ்விலும் அத்தகைய நீதி ஒன்று உண்டு. பாடலை வேறு பெயரில் பதிய முடிந்தது; வருவாயைப் பிறர் பெற முடிந்தது; கணவர் வீடும் திருச்சபையும் சேர்ந்து கருவியைக் கீழே வைக்கச் செய்ய முடிந்தது. ஆனால் தலைகீழாய்ப் பிடித்த கிதாரில் அவர் தாமே கண்டுகொண்ட கைமுறையை யாராலும் தம்முடையது என்று சொல்ல முடியவில்லை. எந்த ஆசானிடமிருந்தும் பெறாததால், அதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

யாப்பை முறையாகக் கற்றல் நன்று. ஆசிரியப் பணியில் இருக்கும் நான் அதற்கு மாறாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் வட்டத்துக்குப் புதிதாக வரும் இளங்கவிஞர் ஒருவரின் அடி வழக்கத்துக்கு மாறாக நிற்கக் கண்டால், திருத்துமுன் இருமுறை படித்துப் பார்ப்போம். அது பிழையாகவும் இருக்கலாம். இடக்கைப் பெருவிரலாகவும் இருக்கலாம்.

கார்பரோவில், அவர் இளமையில் கேட்ட இருப்புப்பாதையை ஒட்டி இன்று மிதிவண்டிகளுக்கும் நடப்போருக்குமான பாதை ஒன்று செல்கிறது. அப்பாதைக்கு லிப்பா காட்டன் என்பது பெயர். பள்ளியில் தமக்குத் தாமே பெயர் சொல்லிக்கொண்ட சிறுமியின் நினைவை அவ்வூர் இவ்வாறு போற்றுகிறது.